குழாய் நீரும் குஞ்சு மீனும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. இரசாயன பாடத்தை மனனஞ் செய்து, சோதனை முடிந்த மறுநாளே மறந்துவிடும் மாணவர்களுக்கு இதனை நான் எத்தனையோ முறை எடுத்துக் கூறியிருக்கிறேன். அவ்வாக்கு ஒருநாள் திரும்பி என்னையே சுட்டும் என்று மாத்திரம் எண்ணியதில்லை. சென்ற ஆண்டு தீபாவளிக்கு முதல்நாள் அது நிகழ்ந்தது. அன்று எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஆறு மீன்கள் இறந்தன. அவற்றைக் கொன்றவன் நான். கொன்ற பொருளோ, நாங்கள் குடும்பத்தோடு நாள்தோறும் பருகும் குழாய் நீர்.

தொட்டி வந்த கதையை முதலிற் சொல்லவேண்டும். கொழும்பிலே, கடலுக்குச் சற்றுத் தூரத்தில், சிறு முற்றத்தோடு கூடிய ஒரு வாடகை வீட்டில் நாங்கள் வசிக்கிறோம். என் மகளுக்குப் பத்து வயது நிறைந்தபோது அவள் கேட்ட பரிசு ஒரு மீன் தொட்டி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஏறக்குறைய 50 லீற்றர் நீர் கொள்ளும். அதற்குள் பரப்பச் சிறு கூழாங்கற்கள், ஒரு காற்றுப் பம்பி, நீரை வடிகட்ட ஒரு பஞ்சு, ஒன்பது கப்பி மீன்கள். இவ்வளவுதான் எங்கள் செல்வம். கப்பி மீன்கள் விலை மலிந்தவை. நம் நாட்டு வாய்க்கால்களிலும் துள்ளித் திரிபவை. ஆயினும் என் மகளுக்கு அவை ஒன்பதும் ஒன்பது உறவினர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சூட்டியிருந்தாள். பெருத்த வயிற்றோடு எப்போதும் தொட்டியின் மூலையில் ஆறுதலாக நிற்கும் பெண்மீனுக்குப் பெத்தாச்சி என்று பெயர்.

ஐந்து மாதம் யாதொரு குறையுமின்றிக் கழிந்தது. வாரத்துக்கு ஒருமுறை தொட்டியில் வற்றிய அளவுக்குச் சமையலறைக் குழாயிலிருந்து ஒரு குவளை நீர் வார்ப்போம். மீன்கள் அதனை ஒரு பொருட்டாக எண்ணவில்லை. ஆகவே, குழாய் நீர் மீனுக்கு உகந்ததே என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். விஞ்ஞானம் படித்தவன் இவ்வாறு முடிவு கட்டியது எவ்வளவு பேதைமை என்பது பின்னர்தான் விளங்கிற்று.

தீபாவளி வந்தது. எங்கள் வீட்டு வழக்கப்படி முதல்நாள் காலையில் வீடு முழுவதும் கழுவப்பட்டது. சுவாமி அறையிலிருந்து வாசற்படி வரை நீர் ஓடிற்று. எல்லாம் துலங்கி நிற்க, மீன் தொட்டியின் கண்ணாடியிலே பச்சைப் பாசி படிந்திருப்பது மாத்திரம் என் கண்ணை உறுத்தியது. திருநாளும் அதுவுமாய் மீன்களுக்கு மட்டும் அழுக்கு நீரா என்று எனக்குள் ஒரு கருணை பிறந்தது. மீன்களை ஒரு பாத்திரத்தில் எடுத்து வைத்தேன். பழைய நீர் முழுவதையும் முற்றத்தில் ஊற்றினேன். கற்களையும் வடிகட்டும் பஞ்சையும் குழாயின் கீழ்ப் பிடித்து, நுரை போகும்வரை அலசினேன். பின்னர் முற்றத்துக் குழாயில் இறப்பர்க் குழாயைப் பூட்டித் தொட்டியை நிரப்பினேன். நீர் பளிங்குபோல் இருந்தது. மீன்களை அதனுள் விட்டுவிட்டு, நானே சற்றுத் தூரத்தில் நின்று என் வேலையை வியந்தேன்.

அரைமணி நேரம் சென்றிருக்கும். மகள் கூவினாள். மீன்கள் எல்லாம் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சில, அம்பு பாய்ந்தாற்போல் கண்ணாடியில் மோதின. மாலையாவதற்குள் ஆறு மீன்கள் வயிறு மேலாய் மிதந்தன. எஞ்சியவை மூன்று. பெத்தாச்சி அவற்றுள் ஒன்று.

மகள் அழவில்லை. இறந்த மீன்களை ஒரு பூவரசம் இலையில் எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அப்பா, இது நாங்கள் குடிக்கிற தண்ணிதானே? எங்களுக்கு ஒண்டும் செய்யேல்லை. மீனுக்கு மட்டும் ஏன்?"

மிக நேரான கேள்வி. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டிருந்தால், "நல்ல கேள்வி, சிந்தித்துப் பார்" என்று காலங் கடத்தியிருப்பேன். மகளிடம் அது செல்லாது. எனக்கு விடை தெரியவில்லை என்று சொல்லவும் நாணமாக இருந்தது. "மழைக்காலம், பிள்ளை. மீனுக்கு ஏதோ நோய் வந்துவிட்டது" என்றேன். அவள் தலையை அசைத்துவிட்டு முற்றத்துக்குச் சென்றாள். அந்தப் பொய் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

தீபாவளி கழிந்த இரண்டாம் நாள், புதிய மீன் வாங்கக் கடைக்குச் சென்றேன். கடையை நடத்துபவன் என் பழைய மாணவன். இரசாயன பாடத்தில் அவன் சித்தியடையவில்லை. அதன் பொருட்டு அவனைப் பலமுறை கடிந்திருக்கிறேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, நடந்ததைக் கேட்டறிந்தான். கேட்டபின், கையிலிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டான்.

"சேர், பைப் தண்ணியை நேரே விட்டனீங்களோ?"

"ஓம்."

"அதுக்குள்ளே குளோரீன் இருக்கு, சேர். தண்ணியைப் பழக்காமல் மீனை விடக்கூடாது. இப்ப நான் உங்களுக்கு மீன் தரமாட்டன்."

குளோரீன் என்ற சொல் காதில் விழுந்ததும், என் முகத்திலே யாரோ ஒரு வாளி நீரை வீசியதுபோலாயிற்று. ஆண்டுதோறும் ஆய்கூடத்தில் நான் செய்து காட்டும் பரிசோதனை ஒன்று உண்டு. வெளிற்றும் தூளின் கரைசலிலே பொற்றாசியம் அயடைட்டையும் சிறிது அமிலத்தையும் இட்டால், அதிலுள்ள குளோரீன் அயடீனை வெளிப்படுத்தும். பின்னர் அளவியிலிருந்து சோடியம் தயோசல்பேற்றைத் துளித்துளியாக விட்டால், மாப்பொருளினால் உண்டான நீலநிறம் ஒரு கணத்தில் மறையும். மாணவர்கள் வியப்பர், நானும் பெருமையோடு நிற்பேன். குளோரீனை எது அடக்கும் என்பதைக் கால் நூற்றாண்டாக அறிந்த ஒருவன், தன் வீட்டுக் குழாயிலே குளோரீன் உண்டு என்பதை ஒரு கணமும் எண்ணவில்லை. சித்தியடையாத மாணவனோ அதனை அறிந்து, அதைக்கொண்டு உயிர்களையும் காத்து வருகிறான்.

வீட்டுக்கு வந்ததும் பழைய நூல்களைப் புரட்டலானேன். படித்தவற்றை வாசகர்க்கும் கூறுவது தகும். ஏனெனில், இன்று நம் வீடுகள் பலவற்றில் இத்தகைய தொட்டிகள் உள்ளன. என் பிழையைச் செய்பவர்களும் பலராய் இருத்தல் கூடும்.

குளோரீன் நமக்குப் பகையன்று. 1854 இல் லண்டன் மாநகரிலே பேதிநோய் பரவியபோது, ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியர், புறோட் வீதியிலிருந்த ஒரு தண்ணீர்ப் பம்பியே அந்நோய்க்கு வாயில் என்று கண்டார். நீர் வழியே வரும் அத்தகைய நோய்களைத் தடுக்கும் பொருட்டு, 1908 இல் அமெரிக்காவின் ஜேர்சி நகரத்தில் குடிநீருக்கு இடையறாது குளோரீன் சேர்க்கத் தொடங்கினர். 1915 இல் ஈப்பர் என்னுமிடத்துப் போர்க்களத்தில் மனிதரைக் கொல்லப் பயன்பட்டதும் இதே குளோரீன்தான். அளவறிந்து நீரிற் கலந்தபோது அது கோடிக்கணக்கான குழந்தைகளைக் காத்தது. நீர் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து நம் வீட்டுக்கு வரும் நெடுவழியில் கிருமிகள் தொற்றாதிருக்கவே அதிற் சிறிதளவு குளோரீனை விட்டுவைக்கிறார்கள். குழாய் வாயிலில் 1 லீற்றர் நீருக்கு 0.2 மில்லிகிராமாயினும் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 5 மில்லிகிராம் வரை இருந்தாலும் மனிதர் பருகுவதற்குத் தீங்கில்லை என்றும் அது வகுத்துள்ளது.

இனி மீனின் பக்கம் நின்று நோக்குவோம். நன்னீர் உயிர்களைக் காக்க அமெரிக்க நாட்டார் 1984 ஆம் ஆண்டின் அறிக்கையொன்றில் ஓர் அளவு குறித்தனர். அவ்வுயிர்கள் நெடுங்காலம் வாழும் நீரிலே 1 லீற்றருக்கு 0.011 மில்லிகிராமுக்கு மேல் குளோரீன் இருத்தலாகாது என்பது அது. நமக்குக் காவலாகக் குறைந்தபட்சம் வேண்டியது எதுவோ, அதுவே மீனுக்கு ஏற்ற எல்லையைப்போல் பதினெட்டு மடங்காகிறது! இதற்குக் காரணமும் தெளிவு. நாம் நீரைக் குடிக்கிறோம். மீனோ நீரைச் சுவாசிக்கிறது. நாம் பருகும் நீரிலுள்ள சொற்பக் குளோரீன் வாயிலும் வயிற்றிலும் உள்ள பொருள்களோடு தாக்கமுற்று அழிந்துவிடும். மீனின் பூக்களோ மிக மெல்லிய சவ்வினால் ஆனவை. அவற்றினூடாகவே ஒட்சிசன் இரத்தத்திற் சேரவேண்டும். இடையறாது அவற்றின்மேல் ஓடும் நீரிலே குளோரீன் இருப்பின், அது அச்சவ்வை எரித்துவிடும். அப்போது நீரில் ஒட்சிசன் நிறைய இருந்தும் மீன் மூச்சுமுட்டி இறக்கும். மகளின் கேள்விக்கு இதுதான் விடை.

அவ்வாறாயின், ஐந்து மாதம் வார்த்த குவளை நீர் ஏன் கொல்லவில்லை? அதற்கும் விடை கிடைத்தது. சமையலறைக் குழாயின் நீர் கூரைமேலுள்ள தாங்கியிலிருந்து வருவது. அங்கே தங்கி நிற்கும் நேரத்தில் குளோரீன் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. எஞ்சியதும் 50 லீற்றர் பழைய நீரிற் கலந்து பயனற்றுப்போகிறது. முற்றத்துக் குழாயோ தெருக் குழாயோடு நேரே பொருத்தப்பட்டது. அன்று நான் விட்டது முழுதும் புதுநீர். நல்ல வேகத்தோடு வருகிறதே என்று மகிழ்ந்து நான் தெரிந்தெடுத்த குழாய் அது.

நீரைப் பழக்குதல் என்று என் மாணவன் சொன்னானன்றோ? அதற்கு எளிய வழி காத்திருத்தல். வாய் அகன்ற பாத்திரத்தில் நீரைப் பிடித்து, தூசு விழாதபடி மெல்லிய துணியால் மூடி, ஓரிரு நாள் வைத்துவிட்டால் குளோரீன் காற்றோடு போய்விடும். காற்றுப் பம்பியினால் நீரைக் குமிழியிடச் செய்தால் இன்னும் விரைவாகும். ஒடுங்கிய கழுத்துள்ள போத்தலிலே மூடி வைத்தால் இப்பயன் கிட்டாது.

காத்திருக்க நேரமில்லாதவர்க்கு உதவுவது தயோசல்பேற்று. 1819 இல் ஜோன் ஹேர்ஷல் என்னும் அறிஞர், இது வெள்ளியின் உப்புக்களைக் கரைக்கும் எனக் கண்டார். அதனால் இது புகைப்படக்காரர் இருட்டறையில் 'ஹைப்போ' என்ற பெயரோடு நெடுங்காலம் வாழ்ந்தது. இது குளோரீனைத் தீங்கற்ற குளோரைட்டாக மாற்றிவிடும். ஒரு பங்கு குளோரீனுக்கு ஏழு பங்கு ஹைப்போப் பளிங்கு என்பது கணக்கு. பாடசாலை அலுமாரியில் அது போத்தல் போத்தலாக உண்டு. ஆயினும் அது பாடசாலைச் சொத்து. ஆதலால் இரசாயனப் பொருள் விற்கும் கடையிற் சிறிது வாங்கினேன். 10 கிராம் பளிங்கை நீரிற் கரைத்து 100 மில்லிலீற்றர் ஆக்கி, கருநிறப் போத்தலில் வைத்துக்கொண்டேன். அதில் 1 மில்லிலீற்றர், அதாவது ஏறக்குறைய இருபது துளி, 10 லீற்றர் வாளி ஒன்றுக்குப் பொதுவாகப் போதும். லீற்றருக்கு 1 மில்லிகிராம் குளோரீன் இருந்தாலும் அதனை அடக்கிவிடும். துளிகளை இட்டுக் கலக்கிச் சில நிமிடம் விடவேண்டும். மீன் கடைகளில் விற்கும் நீர்ப்பதமாக்கிகள் பலவற்றிலும் இதுவே முதன்மைப் பொருள்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டு நகரங்கள் பலவற்றிலே குளோரீனோடு அமோனியாவையும் கூட்டிக் குளோரமீன் என்னும் பொருளாக்கி நீரிற் சேர்க்கிறார்கள். அது நீரை நாட்கணக்கில் வைத்தாலும் எளிதில் நீங்காது. ஹைப்போ அதன் குளோரீனை அடக்கினாலும் அமோனியா எஞ்சும். அதுவும் மீனுக்கு நஞ்சு. அத்தகைய ஊரில் வாழ்வோர், அமோனியாவையும் அடக்கும் என்று சீட்டில் எழுதப்பட்ட மருந்தையே வாங்குதல் நன்று.

நீரைக் கொதிக்கவைத்து ஆற விடலாமே என்று என் மனைவி கேட்டாள். விடலாம், ஆனால் கொதித்த நீரிலிருந்து குளோரீனோடு ஒட்சிசனும் போய்விடும். ஆறியபின் காற்றுப் பம்பியால் மீண்டும் ஒட்சிசனை ஏற்றவேண்டும். போத்தல் தண்ணீர் வாங்கி ஊற்றலாமே என்று அயலவர் ஒருவர் சொன்னார். மிகத் தூய நீரும் மீனுக்கு உதவாது. காய்ச்சி வடித்த நீரிற் கனியுப்பு இராது. அதில் மீனின் உடல் தன் உப்பை இழந்துவிடும். நீரின் அமிலநிலையும் எளிதில் ஏறி இறங்கும். வெறுந் தூய்மையினும் மேலாக மீனுக்கு வேண்டியது, தன் இனம் பிறந்து வளர்ந்த நீரின் குணமே.

இக்குணத்தை எண்ணும்போது எனக்கு ஊர் நினைவு வருகிறது. யாழ்ப்பாணத்திலே எங்கள் வீட்டுக் கேத்தலின் உட்புறத்தில் வெண்ணிறப் படை ஒன்று தடித்திருக்கும். அம்மா அதனைப் புளி இட்டுத் தேய்ப்பாள். சில வாரத்தில் மறுபடியும் படியும். குடாநாட்டின் கீழே கிடப்பது சுண்ணக்கல். மழைநீர் அதனூடாக இறங்கும்போது கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு கிணற்றை அடைகிறது. கொதிக்கும்போது அது கல்சியம் காபனேற்றாகப் படிகிறது. இதுவே வன்னீர். கொழும்பிலோ, லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலும் களனி கங்கையிலுமிருந்து வருவது மழையினதும் ஆற்றினதும் நீர், மென்னீர். இங்கே எங்கள் கேத்தல் ஆண்டுக்கணக்கில் துலக்கமாய் இருக்கிறது.

மீன்களுக்கும் இவ்வேறுபாடு தெரியும். நம் நாட்டுக்கே உரிய செரி பார்ப் என்னும் சிவந்த சிறுமீனை 1929 இல் தெரணியகல அவர்கள் உலகறியச் செய்தார். தென்மேற்கு ஈரவலயத்தின் நிழல் அடர்ந்த ஓடைகளே அதன் பிறப்பிடம். மென்னீரே அதற்கு இன்பம். கப்பி மீனுக்கோ வன்னீர் விருப்பம். ஆதலால் கொழும்பிலே கப்பி வளர்ப்போர், கழுவிக் காயவைத்த ஒரு பிடி சிப்பி ஓட்டை வடிகட்டியில் இட்டுவைக்கலாம். அது மெல்லக் கரைந்து நீரை வன்மையாக்கும். முருகைக்கல்லை மாத்திரம் நாடவேண்டாம். கடலிலிருந்து அதனை அகழ்வதைச் சட்டம் தடுத்துள்ளது, தடுத்ததும் முறையே. யாழ்ப்பாணத்தார் கிணற்று நீரையே பயன்படுத்தலாம். குளோரீன் இட்ட கிணறாயின் சில நாள் பொறுக்கவேண்டும். தோட்டங்களுக்கு அண்மையிலுள்ள கிணறுகளிற் பசளையின் நைத்திரேற்று சேர்ந்திருத்தல் கூடும். அது மீனுக்கு முன்னர் நம் குழந்தைகளின் பொருட்டுப் பரிசோதிக்கத்தக்கது.

இவற்றையெல்லாம் அறிந்து, இனிப் பிழையில்லை என்று நான் நிமிர்ந்திருந்தபோது இரண்டாவது பாடம் வந்தது. தீபாவளி கழிந்து எட்டாம் நாள், தொட்டி நீர் பால் கலந்தாற்போல் மங்கிற்று. குளோரீன் இல்லை; ஆயினும் எஞ்சிய மூன்றில் ஒன்று இறந்தது. மறுபடியும் மாணவன் கடைக்கு ஓடினேன்.

"பஞ்சையும் கல்லையும் என்ன செய்தனீங்கள், சேர்?"

"நன்றாகக் கழுவினேன்."

"அதுதான் சேர் பிழை. அதிலே இருந்த நல்ல கிருமி எல்லாம் செத்துப்போச்சு."

மீன் நீரிலே வாழ்வதோடு நீரிலேயே கழிக்கிறது. அதன் கழிவிலிருந்து அமோனியா பிறக்கும். கல்லிலும் பஞ்சிலும் குடியிருக்கும் ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக மாற்றும். வேறொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். முதலிரண்டும் கொடியவை, மூன்றாவது அவ்வளவு தீங்கில்லாதது. இக்குடிகள் தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். ஐந்து மாதமாய் உழைத்துவந்த அவ்வூழியரை, அழுக்கு என்றெண்ணிக் குளோரீன் நீரால் ஒரே காலையில் அழித்துவிட்டேன்.

இதிலே ஒரு தந்தையும் மகனும் பற்றிய வரலாறு உண்டு. றொபேட் வாறிங்ரன் என்னும் ஆங்கில இரசாயன அறிஞர், 1850 இல், பொன்மீனும் நீர்ச்செடியும் நத்தையும் ஒரே பாத்திரத்தில் ஒன்றையொன்று தாங்கி வாழ்வதை ஆராய்ந்து எழுதினார். வீட்டு மீன் தொட்டியின் மூலபுருடர்களுள் அவர் ஒருவர். செடி ஒட்சிசன் தருவதை அவர் அறிந்தார். அமோனியாவை மாற்றும் நுண்ணுயிர்களை அக்காலம் அறியவில்லை. அவருடைய மகனுக்கும் அதே பெயர். அம்மகன் பின்னர் றொதம்ஸ்ரெட் என்னும் ஆராய்ச்சிப் பண்ணையில், அமோனியா நைத்திரேற்றாக மாறுவது இரண்டு படியாக நிகழ்கிறது என்று ஆராய்ந்து காட்டினார். 1890 இல் விநோகிராட்ஸ்கி அந்நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்தார். தந்தை தொட்டியில் வைத்த கேள்விக்கு மகன் மண்ணிலே விடை தேடினார் எனலாம்.

அன்று என் மாணவன் தன் கடைத் தொட்டியொன்றின் பழைய பஞ்சிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அத்தொட்டி நீரோடு ஒரு பையிலிட்டுத் தந்தான். "இதைக் கழுவாமல் உங்கட தொட்டியிலே போடுங்கோ. காசு வேண்டாம், சேர்" என்றான். பார்வைக்கு அருவருப்பான மண்ணிறப் பஞ்சு. அதைவிட விலையேறப்பெற்ற குருதட்சணையை இதுவரை யாரும் எனக்குத் தந்ததில்லை.

வீடு திரும்பிப் பஞ்சைத் தொட்டியில் இட்டுக்கொண்டிருக்கும்போது மனைவி அருகே வந்து தணிந்த குரலிற் சொன்னாள்: "அவள் சுவாமி அறையிலே அழுகிறாள். தீபாவளிக்கு முதல்நாள் இரவு தான் இரண்டு தரம் சாப்பாடு போட்டதாலேதான் மீனுக்கு நோய் வந்ததாம். இன்றைக்கும் ஒன்று செத்ததும் தன்னால்தானாம்."

என் கை நீரிலேயே நின்றுவிட்டது. எட்டு நாள்! நான் நாணத்தை மறைக்கச் சொன்ன ஒரு சிறு பொய்யை அக்குழந்தை தன் குற்றமாக்கிச் சுமந்து திரிந்திருக்கிறாள். தொட்டி நீரிற் கலந்த நஞ்சைக் கண்டுபிடிக்க நூல் புரட்டினேன். வீட்டிற் கலந்த நஞ்சை ஒருநாளும் சோதிக்கவில்லை.

மகளை அழைத்துத் தொட்டியின் முன் அமர்த்தினேன். "பிள்ளை, மீனுக்கு நோய் வரவில்லை. அப்பா பிழையான தண்ணீர் விட்டதால்தான் செத்தன. அன்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாயிருந்தது. உன்னில் ஒரு பிழையுமில்லை" என்றேன். பின்னர் குளோரீன் முதல் பற்றீரியா வரை எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் நெடுநேரம் பேசாதிருந்தாள்.

"அப்ப, வாத்திமாருக்கும் தெரியாத விஷயம் இருக்குதோ?" என்று கேட்டாள்.

"நிறைய இருக்கு."

"அதை வகுப்பிலே சொல்லுவீங்களோ?"

அதற்கு விடை சொல்ல எனக்குச் சற்று நேரமாயிற்று. சொல்லுவேன் என்று வாக்களித்தேன். அடுத்த தவணை தயோசல்பேற்றுப் பாடத்தை இம்மீன்களின் கதையோடு தொடங்கினேன். அன்று வகுப்பில் ஒருவரும் உறங்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு புதிய நியமம். வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றுமுன் மகள் இரண்டு வாளிகளில் நீர் பிடித்து, துணியால் மூடி வைப்பாள். ஞாயிறு காலையில் தொட்டி நீரில் நான்கிலொரு பங்கை மட்டும் எடுத்துவிட்டு, பழகிய நீரை மெல்ல வார்ப்போம். பஞ்சை, எடுத்த அப்பழைய நீரிலேயே பிழிந்து மறுபடியும் வைப்போம். கண்ணாடியிற் சிறிது பாசி இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் கழித்து, காலையில் மகள் என்னை உலுக்கி எழுப்பினாள். நீர்ச்செடியின் வேரிடையே கண்ணும் வாலுமாய்ப் பதினொரு குஞ்சுகள் ஒளிந்திருந்தன. பெத்தாச்சி வழக்கம்போல மூலையில் ஆறுதலாக நின்றாள். கப்பி முட்டையிடாது குஞ்சு பொரிக்கும் மீன். தன் குஞ்சையே தின்றுவிடவும் கூடும். ஆதலால் குஞ்சுகளை வேறு பாத்திரத்துக்கு மாற்றவேண்டியிருந்தது. நான் அவசரமாய் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தேன்.

"அப்பா, வாளித் தண்ணி!" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

திரும்பி வந்தேன்.